எக்ஸ்ரே அறையில் இட்லி

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவைப் புதுப்பித்துத் திறந்தார்கள். ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். விழா முடிந்ததும் இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு பெண், "சார், அந்தக் காலத்துல பேஷன்ட்டுக்கு எக்ஸ்ரே ரூம்ல இட்லி ஊட்டுவீங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஊட்டினோம்மா. சட்னிதான் கிடையாது" என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை. இன்றைக்கு எண்டாஸ்கோப் குழாயை விட்டு, நாலு நிமிஷத்தில் உணவுக்குழாயைக் கலரில் பார்த்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான், நான் ஒன்றும் பழைய பெருமை பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த இட்லிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவரை விட்டுவிட்டு இட்லியை மட்டும் சொன்னால் அது வெறும் வேடிக்கைக் கதையாகப் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கல்லூரியில் கணக்கில் கோட்டை விட்டேன். மாமா ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரேடியோகிராஃபி சர்ட்டிபிகேட் படிப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் இருட்டறையில் பிலிம் கழுவினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு வாய்த்த மெஷினுக்கு என்னைவிட வயசு அதிகம்.

டாக்டர் தணிகாசலம் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தார். ராணுவ ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே நிபுணராக இருந்து, காஷ்மீர், அசாம் என்று சுற்றிவிட்டு, மேஜராக வெளியே வந்தவர். மேஜர் என்றதும் முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாக ஒருத்தரை எதிர்பார்த்தேன். வந்தவர் ஒல்லியாக, அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். வார்டைக் கூட்டுகிறவர் முதல் சேர்மன் வரை எல்லோருக்கும் ஒரே 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். சாதாரணமாக என்னை "ஏகாம்பரம்" என்பார். "ஏகாம்பரம் சார், தயவுசெஞ்சு இந்தப் பிலிமைக் கொஞ்சம் பார்க்கிறீங்களா?" என்றால் நான் தொலைந்தேன் என்று அர்த்தம். 'தயவுசெஞ்சு' என்ற வார்த்தையைக் கேட்டு நடுங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சோறு இறங்கவில்லை என்று வருகிறவர்களுக்கு அப்போது எங்களிடம் இருந்த பரிசோதனை பேரியம். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு மாவு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்போம். எக்ஸ்ரே அதை ஊடுருவாது என்பதால், குடித்தது தொண்டையிலிருந்து வயிறு வரை போகிற வழி திரையில் கறுப்பாக ஓடும். எங்கே குறுகுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். இன்றைக்கு டி.வி. மாதிரி வெளிச்சமாகத் தெரிகிறது. அன்றைக்குத் திரையில் இருந்தது மங்கலான பச்சை ஒளிதான். அதைப் பார்க்கக் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். அதனால் டாக்டர் அரை மணி முன்பே சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வராந்தாவில் உலாத்துவார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அவருக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது என்று நினைத்துக் குழந்தைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். "ஒட்டாதுங்க, ஒட்டாதுங்க" என்று சொல்லிக்கொண்டே போவார்.

பேரியத்தை நோயாளியிடம் கொடுப்பதற்கு முன் தானே ஒரு வாய் குடித்துக் காட்டுவார். வெள்ளையாக, கெட்டியாக, ஒரு ருசியும் இல்லாத அந்தக் கரைசலைப் பார்த்தாலே பலருக்குக் குமட்டும். டாக்டரே குடிக்கிறார் என்றதும் பேசாமல் வாங்கிக் குடித்துவிடுவார்கள். எத்தனை வருஷம், எத்தனை பேருக்கு முன்னால் குடித்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. எவரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இட்லியும் அவருடைய யோசனைதான். உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் இருந்தால் தண்ணீராக இருக்கிற பேரியம் சமர்த்தாக இறங்கிவிடும். கெட்டியானதுதான் மாட்டும். அதனால் பேரியத்தில் ரொட்டித் துண்டை நனைத்துக் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் வேண்டாம் என்றார். "நம்ம ஜனங்க ரொட்டியை எப்ப சாப்பிடறாங்க ஏகாம்பரம்? காய்ச்சல் வந்தாத்தானே? ரொட்டியைக் கண்டாலே பெரிய வியாதின்னு பயந்துடுவாங்க. இட்லி எப்படி இறங்கும்னு ஒவ்வொரு தொண்டைக்கும் தெரியும். கொஞ்சம் மாறினாலும் அவங்களே சொல்லிடுவாங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் கேன்டீனிலிருந்து ஒரு தட்டு இட்லி எக்ஸ்ரே அறைக்கு வந்தது. தன் இட்லியில் நாங்கள் சுண்ணாம்பு தடவுகிறோம் என்று கேன்டீன்காரருக்குக் கடைசி வரை வருத்தம்.

டாக்டரின் முதல் கேள்வி எப்போதும் "எந்த ஊருங்க?" என்பதுதான். அடுத்தது, "உங்க பக்கம் என்ன சாப்பிடுவாங்க, எப்படிச் சாப்பிடுவாங்க?" சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி விசாரிப்பார். அவர் பார்த்த வரைக்கும் இந்த உணவுக்குழாய்ப் புற்றுநோய் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வருவதில்லை. "காஷ்மீர்ல ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லாம வந்துக்கிட்டே இருந்தாங்க. கொதிக்கக் கொதிக்க உப்பு டீ குடிக்கிற ஊரு. அசாம்ல பாக்கை ஊறப்போட்டு நாள் முழுக்க மெல்லுவாங்க, அங்கயும் நிறைய. இங்க பீடி, சாராயம், வெத்தலையோட புகையிலை. பொம்பளைங்களுக்கு அது கூட ரத்தசோகை வேற. இன்னும் சில ஊர்ல வருஷக்கணக்கா இருந்தும் ஒண்ணு ரெண்டுதான் பார்த்தேன். இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கேட்டு வெச்சுக்கணும்" என்பார்.

தாம்பரம் ஏர்போர்ஸ்காரர்கள் நிறைந்த ஊர் என்பதால் வடக்கத்திக்காரர்களும் எங்களிடம் வருவார்கள். ஒரு தடவை காஷ்மீர்க்கார இளைஞர் ஒருவர் தன் அம்மாவைக் கூட்டிவந்தார். டாக்டர் அந்த அம்மாவிடம் இந்தியில் என்னவோ கேட்டார். அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். பிறகு, எவ்வளவு சூட்டில் குடிப்பாள் என்று பார்க்க, டாக்டர் பிளாஸ்கிலிருந்து ஆவி பறக்கும் காபியை ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். நான் டம்ளரைத் துணியால் பிடித்து நீட்டினேன். அந்த அம்மாள் அதை வெறுங்கையில் வாங்கி, ஊதக்கூட ஊதாமல், ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சு" என்று குறை வேறு சொன்னாள். டாக்டர் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு நாக்கு பொத்துப்போன மாதிரி இருந்தது. நல்லவேளை, அந்த அம்மாளுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஒரு நாள் பம்மல் தோல் தொழிற்சாலையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் நடுவில் இருந்தவரைப் போலீஸ் பிடித்து வருகிற மாதிரி தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"டாக்டர், இவன் இன்னாவோ மறைக்கிறான்" என்றார் உயரமானவர். "ஒரு வாரமா சோத்த எனக்குத் தள்ளிட்டு மோர மட்டும் குடிச்சிகினு கீறான். கேட்டா வயிறு சரியில்லன்றான். வயிறு சரியில்லாதவன் கருவாட்டுக் கொழம்ப மட்டும் வழிச்சி நக்குவானா?"

"சும்மா இருடா, பேஜார் பண்ணாத" என்றார் நடுவிலிருந்தவர்.

"நீங்க தினமும் ஒண்ணாவா சாப்பிடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"வட்டமா குந்திகினு துன்னுவோம் டாக்டர். யாரு டப்பால இன்னா கீது, யாரு எவ்ளோ துன்னான், அல்லாம் தெரியும்."

தண்ணீர் பேரியம் தடையில்லாமல் போயிற்று. இட்லி ஓரிடத்தில் தயங்கி, நெளிந்து இறங்கியது. ஆரம்ப நிலை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரேடியேஷன் கொடுத்தார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே தொழிற்சாலை வாசலில் பீடி இல்லாமல் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

அதே மாதத்தில்தான் குரோம்பேட்டையில் ஒரு காலனியிலிருந்து வங்கி அதிகாரி ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். வீட்டில் போன் உண்டு, ஸ்கூட்டர் உண்டு, கூப்பிடு தூரத்தில் ரயில் உண்டு. அந்த அம்மாளுக்கு இட்லி தேவைப்படவே இல்லை. ஒரு வாய் பேரியமே இறங்காமல் திரும்பி வந்துவிட்டது. "என்கிட்ட சொல்லவே இல்ல சார், சொல்லவே இல்ல" என்று அவர் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அந்த அம்மாள் அதிக நாள் இருக்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபமான கோபம். கட்டின பெண்டாட்டி எலும்பும் தோலுமாகிற வரைக்கும் என்ன கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாராம் என்று பொரிந்து தள்ளினேன்.

சாயந்திரம் டீ குடிக்கும்போது டாக்டர், "பம்மல்காரங்க மட்டும் எப்படி ஏகாம்பரம் சீக்கிரமா வந்துடறாங்க?" என்று கேட்டார்.

"பஸ் வசதி சார்."

"குரோம்பேட்டைக்கு ரயிலே இருக்கே?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க ஒருத்தன் சாப்பிடறதை இன்னொருத்தன் பார்க்கறான். இந்த அம்மா எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா அடுப்பங்கரையில உக்காந்து சாப்பிடறவங்க. சோறு கஞ்சியாச்சு, கஞ்சி காபியாச்சு. யாருக்குத் தெரியும்? நோய் வர்றதுல ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்குன்னு இத்தனை வருஷமா டீயையும் புகையிலையையும் விசாரிச்சுக்கிட்டிருக்கேன். பொழைக்கிறதுலயும் வித்தியாசம் இருக்கு. அதுக்கு என்ன விசாரிக்கணும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார்.

மறுநாளிலிருந்து அவரிடம் மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. "யார் கூட உக்காந்து சாப்பிடுவீங்க?" ஆண்கள் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். பெண்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். கேளம்பாக்கத்துக்கும் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்திலிருந்து கோதண்டம் என்று ஒரு விவசாயி வந்தார். ஏரிப் பாசன நிலம், இரண்டு ஜோடி மாடு, ஊரில் மதிப்பு எல்லாம் உள்ள மனிதர். நெஞ்சு கரிக்கிறது, சாப்பிட்டது எதுக்களிக்கிறது என்று புலம்பிக்கொண்டே வந்தார். கூட அவர் மனைவி அலமேலு, கையில் தண்ணீர்ச் செம்போடு வந்து சுவரோரமாக நின்றார். பேரியத்துக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும் என்பதால் அவர் சாப்பிடவில்லை. அவர் சாப்பிடவில்லை என்பதால் அந்த அம்மாளும் சாப்பிடவில்லை.

கோதண்டத்துக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. பேரியமும் போயிற்று, இட்லியும் போயிற்று. "காரத்தையும் சாராயத்தையும் விடுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர். கோதண்டத்துக்கு முகத்தில் களை வந்துவிட்டது. பசி என்றார். கேன்டீனிலிருந்து இட்லியும் சாம்பாரும் வரவழைத்துக் கொடுத்தோம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்.

"நீங்களும் சாப்பிடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"அவரு ஆவட்டும் சார்."

அவர் ஆயிற்று. அந்த அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் பிலிமை உலரப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரமாக நகரவில்லையே என்று அவர் பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். அலமேலு இரண்டு இட்லியையும் சாம்பாரில் போட்டு விரலால் மசித்து, செம்புத் தண்ணீரை ஊற்றிக் கரைத்து, தட்டைத் தூக்கிக் குடித்தார்.

டாக்டர் போய் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா, எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

"பல்லு சரியில்ல சார்."

"எங்க, காட்டுங்க."

அந்த அம்மாள் வெட்கத்தோடு வாயைத் திறந்தார். வெற்றிலைக் கறை இருந்ததே தவிர, ஒரு பல்லுக்கும் சேதமில்லை. கரும்பு கடிக்கிற பற்கள்.

கோதண்டத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. "அவளுக்கு இன்னா டாக்டர்? கல்லு மாதிரி கீறா. எனுக்குத்தான் நெஞ்சு கரிக்கிது" என்றார்.

"நேத்து ராத்திரி இவங்க என்ன சாப்பிட்டாங்க?"

"சோறுதான்."

"நீங்க பார்த்தீங்களா?"

கோதண்டம் சிரித்தார். சிரித்துக்கொண்டே யோசித்தார். கூரையைப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் சிரிப்பு தேய்ந்துகொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவ எப்ப துன்றான்னே எனுக்குத் தெரியாது டாக்டர்" என்றார் கடைசியில், மெதுவாக.

நாளைக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார்கள் என்று டாக்டருக்குத் தெரியும். வயிறு காலியாகட்டும் என்று பிற்பகல் வரை உட்கார வைத்து, மறுபடி சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அலமேலுவுக்கு முன்னால் ஒரு வாய் பேரியம் குடித்துக் காட்டினார். "அய்யே, டாக்டரு குடிக்கிறாரு" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

விளக்கை அணைத்தேன். பச்சை ஒளியில் கறுப்புக் கோடு வளையாமல், நிற்காமல் வயிற்றுக்கு இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒன்றும் இல்லை, தேவையில்லாமல் காக்க வைத்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

"இட்லி, ஏகாம்பரம்."

சின்ன விள்ளல் ஒன்றைப் பேரியத்தில் நனைத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கறுப்பாக ஒரு பொட்டு கீழே இறங்கி, நடு நெஞ்சில் நின்றுவிட்டது. உடம்பைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னார் டாக்டர். அது அசையவில்லை. "எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார். இருட்டில் அந்த அம்மாள் தன் விரலை நெஞ்சில் வைத்தார். திரையில் விரலின் எலும்பு நிழல் அந்தப் பொட்டின் மேலேயே வந்து விழுந்தது. அங்கே ஒரு பக்கச் சுவர் மட்டும் சொரசொரப்பாக, விறைப்பாக இருந்தது. சின்ன இடம்தான்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சேதியைப் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். டாக்டர் தணிகாசலம் அப்படிச் செய்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அலமேலுவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உணவுக்குழாயில ஒரு இடத்துல சதை தடிச்சிருக்கும்மா. புத்துநோயா இருக்கலாம்னு சந்தேகப்படறேன். சின்னதா இருக்கு. இப்பவே எடுத்தா பொழைக்கிறதுக்கு வழி இருக்கு."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "பையனுக்குத் தையில கண்ணாலம் சார். அத்த முடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

"கல்யாணத்துல நீங்க இருக்கணும்னா இப்ப வாங்க. போட்டோ இருந்தாப் போதும்னா அப்புறம் வாங்க."

அவர் வாயிலிருந்து அப்படிக் கடுமையாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கோதண்டம் எழுந்து நின்றுவிட்டார். அவர்தான், "இன்னிக்கே இட்டுகினு போறேன்" என்றார்.

நகரத்து ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று உறுதி செய்தார்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்கு அந்த அம்மாள் உடம்பு தாங்காது, ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, எடையும் இல்லை, தேற்றிக்கொண்டு வாருங்கள், தேறாவிட்டால் கத்தி வைக்க முடியாது என்று மருந்து மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோதண்டம் நேராக எங்களிடம் வந்து நின்றார். அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவருக்குக் கொடுத்த வைத்தியத்தை வேறு எந்த எக்ஸ்ரே டாக்டரும் கொடுத்திருக்க மாட்டார். "இன்னிலேர்ந்து நீங்க உங்க சம்சாரத்துக்கு எதிர்ல உக்காந்து, அவங்க கூடவேதான் சாப்பிடணும். ஒவ்வொரு வேளையும். கூழோ, முட்டை அடிச்சுப் போட்ட பாலோ, கீரை மசிச்சதோ, அவங்க முழுங்கறதைக் கண்ணால பார்க்கணும். வாராவாரம் வந்து என்கிட்ட சொல்லணும்."

"எதிர்ல குந்திகினா? ஊர்ல சிரிப்பாங்க டாக்டர்."

"சிரிக்கட்டும். நீங்க முழுங்கறதைப் பாருங்க."

ஊரில் சிரிக்கத்தான் செய்தார்கள். பொண்டாட்டிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று கோதண்டத்தின் அக்காவே வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம். அலமேலுவுக்கோ அவர் எதிரில் வாயைத் திறக்கக் கூச்சம். முதல் இரண்டு நாள் தலையைக் குனிந்துகொண்டு அழுதிருக்கிறார். கோதண்டம் விடவில்லை. வண்டலூர் வந்து, பஸ் மாறி, வாரம் தவறாமல் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். "காத்தால ரெண்டு தம்ளர் கேவுரு கூழு. பத்து மணிக்கு முட்டப் பாலு. நேத்து கீரைய மசிச்சிக் குடுத்தேன், நானே மசிச்சேன்" என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் மாதிரி ஒப்பிப்பார். டாக்டர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். உழவு மாட்டை அதட்டி ஓட்டிப் பழகின அந்த மனிதரின் குரல், பெண்டாட்டி எத்தனை வாய் விழுங்கினாள் என்று சொல்லும்போது குழையும். என் மனைவி என்ன சாப்பிடுகிறாள் என்று நானும் அந்த வாரங்களில்தான் கவனிக்க ஆரம்பித்தேன்.

உடம்பு தேறியது. அறுவை சிகிச்சை நடந்தது. நோய் இருந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றை மேலே இழுத்து இணைத்தார்கள். கல்யாணத்தைத் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளி வைத்தார்கள். டாக்டரும் நானும் போயிருந்தோம். அலமேலு மணவறைக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தார். பந்தியில் கோதண்டம் தன் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லி, எல்லோரும் பார்க்க மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஊர் அப்போது சிரிக்கவில்லை.

அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஆறு வேளை. கோதண்டம் ஆறு வேளையும் வயலிலிருந்து ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தார் என்று அந்த அம்மாளே சொன்னார். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் பரிசோதனைக்கு வருவார்கள். எங்களிடம் வந்த இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலானவர்கள் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதனால்தான் அந்த இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தாலே எக்ஸ்ரே பிரிவில் எல்லோருக்கும் அன்றைக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருக்கும். டாக்டருக்கு வயசாகி, வாரத்தில் இரண்டு காலை மட்டும் வந்துகொண்டிருந்தார். புது மெஷின் வந்துவிட்டதால் சிவப்புக் கண்ணாடியும் இல்லை. ஒரு நாள் அலமேலு தன் மருமகள் தேவகியோடு வந்தார். அலமேலுவின் நெற்றி வெறுமையாக இருந்தது. கோதண்டம் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. "அத்தைக்குச் சாப்பாடு எறங்கல சார். ரொம்ப எளைச்சிட்டாங்க" என்றாள் தேவகி. அவள் பயந்தது எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அதே பயம்தான்.

டாக்டர் ஒரு வாய் பேரியம் குடித்தார். அலமேலுவும் குடித்தார். தண்ணீர் போயிற்று. இட்லி விள்ளலும் போயிற்று. நிற்காமல், தயங்காமல் போயிற்று. நான் மூச்சை விட்டேன்.

"அம்மா, வழி சுத்தமா இருக்கு. நோய் திரும்பல" என்றார் டாக்டர்.

"தெரியும் டாக்டர்" என்றார் அந்த அம்மாள். "அடைக்கல, வலிக்கல. தட்ட எடுத்துகினு குந்தினா எதிர்ல அவரு இல்ல. வாயில வெச்சது அங்கியே நிக்கிது."

நான் திரும்பி நின்று மெஷினைத் துடைப்பது போலப் பாவனை செய்தேன். டாக்டர் எதையோ பேச வேண்டுமே என்பது போலத் தேவகியைப் பார்த்து, "நீங்க எப்பம்மா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"அல்லாரும் துன்னப்புறம்தான் சார்."

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

தேவகி தலையாட்டினாள், இல்லை என்று. மாமியார் வெறும் வயிறு என்பதால் அவளும் வெறும் வயிறு.

அலமேலு மெதுவாகத் திரும்பி, இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கும் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து ராத்திரி இன்னா துன்னே?" என்று கேட்டார்.

"சோறுதான் அத்தை."

"நான் பாக்கலியே" என்றார் அந்த அம்மாள். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா."

அடுத்த நோயாளிக்கு மெஷினைத் தயார் செய்துவிட்டு நான் கேன்டீன் பக்கம் போனேன். ஒரு மேஜையில் இரண்டு தட்டுப் பொங்கல் இருந்தது. அலமேலுவும் தேவகியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தேவகி கூச்சத்தோடு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எடுக்கும் ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்குகிறதா என்று அந்த அம்மாள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் தட்டில் பாதிப் பொங்கல் தீர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.